கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் கழிப்பிடமுள்ள வீட்டைக் கிராமங்களில் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. சென்னைக்கு அருகிலுள்ள பூவிருந்தவல்லி, மேற்கு வங்காளத்துச் சிங்கூர், தில்லியை அடுத்த நஜஃப்கர் ஆகிய மூன்று இடங்களில், சிற்றூர்களுக்கு ஏற்ற நீரடைப்புக் கழிப்பிடம் பற்றிய ஆராய்ச்சி 1950-களின் பிற்பகுதியில் நடைபெற்றது. 2014-இல் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய பின்னர், வீட்டுக் கழிப்பிடம் ஒன்றுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பெற்று, ஊர்தோறும் கழிப்பிடங்கள் எழுந்தன. கட்டுவதைப் பற்றி இவ்வளவு காலமும் பேசி வந்தோம். கட்டியதைப் பேணுவது பற்றிப் பேச வேண்டிய காலம் இப்பொழுது வந்துள்ளது.

கழிப்பிடத்தில் நீர் இறங்காமல் தேங்கினால் வீட்டிலுள்ளோர் படும் தொல்லை சொல்லுந்தரமன்று. அத்தொல்லையை எப்படியேனும் உடனே தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில், கூலிக்கு ஓர் ஆளை அழைத்துத் தொட்டிக்குள் இறக்கிவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அந்த அவசரம் மனித உயிரைக் கொள்ளை கொண்டுவிடுகிறது. ஆகவே, இக்கட்டுரையில் நாம் வலியுறுத்துவது ஒன்றே. அடைப்பு எங்கே இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்; அதை வெளியே நின்றபடியே நீக்க வேண்டும்; எக்காரணம் பற்றியும் ஒரு மனிதரையும் தொட்டிக்குள் இறக்கலாகாது.

தொட்டி வேலை செய்யும் விதம்

செப்டிக் டேங்க் என்று நாம் வழங்கும் கழிவுத் தொட்டி புதியதொன்றன்று. பிரான்ஸ் நாட்டினரான மூராஸ் என்பவர் இத்தகைய தொட்டிக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்து டொனால்ட் கேமரான் 1895-இல் அதைத் திருத்தியமைத்து, செப்டிக் டேங்க் என்ற பெயரையும் வழங்கினார். அழுகச் செய்யும் தொட்டி என்பதே அப்பெயரின் பொருள்.

மழைக் காலத்துக் கண்மாய் நீரைக் குடத்தில் மொண்டு வைத்தால், வண்டல் அடியில் தங்குகிறது. தூசும் துரும்பும் மேலே மிதக்கின்றன. நடுவில் நீர் தெளிகிறது. தொட்டியிலும் அவ்வாறே நிகழ்கிறது. கனமானவை கசடாக அடியில் படிகின்றன. கொழுப்பும் இலேசான பொருள்களும் ஏடாக மேலே மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர், வெளிச்செல்லும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அடிக்கசடைச் சிறிது சிறிதாகச் சிதைத்து அதன் அளவைக் குறைக்கின்றன. ஆனால் முழுவதையும் அவை தின்று தீர்த்துவிடுவதில்லை. எஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே வரும்.

இந்திய தர நிர்ணய அமைப்பு வகுத்துள்ள அளவுகளின்படி, ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளமும், 0.75 மீட்டர் அகலமும், 1 மீட்டர் நீர் ஆழமும் கொண்ட தொட்டி போதும். இரண்டாண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் 1 மீட்டர் நீர் ஆழமும் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலியிடம் விட வேண்டும். உட்செல்லும் குழாயும் வெளிச்செல்லும் குழாயும் ‘டி’ வடிவ இணைப்போடு நீர்மட்டத்துக்குக் கீழே நீண்டிருத்தல் வேண்டும். மேலே மிதக்கும் ஏடு வெளிக்குழாயில் புகாமல் காப்பது இந்த இணைப்பேயாகும். கொத்தனார் இதை விட்டுவிட்டால், உறிஞ்சு குழி விரைவில் அடைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். மூடியைத் திறந்து பார்த்து, “தொட்டி நிறைந்துவிட்டது” என்று பலரும் அஞ்சுகின்றனர். கழிவுத் தொட்டி எப்பொழுதும் வெளிக்குழாயின் மட்டம் வரை நிறைந்தே இருக்க வேண்டும். அதுவே அதன் இயல்பான நிலை. மேலே கூறிய சிறிய தொட்டி 1,125 லிட்டர் கொள்ளும். வீட்டில் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீர் கழிப்பிடத்தில் ஊற்றப்படுவதாகக் கொண்டாலும், காலி செய்த பன்னிரண்டாம் நாளுக்குள் அது மீண்டும் நிறைந்துவிடும். ஆதலால், தொட்டி நிறைந்திருப்பது குறையன்று. நீர் அந்த மட்டத்தைத் தாண்டி உயர்வதே குறை.

நீர் எங்கே நிற்கிறது?

அடைப்பைக் கண்டுபிடிப்பதற்கு நிபுணர் தேவையில்லை. நீர் எங்கே நிற்கிறது என்று வரிசையாகப் பார்த்து வந்தால் போதும்.

முதலாவதாக, வீட்டில் இரண்டு கழிப்பிடங்கள் இருந்து, ஒன்றில் மட்டும் நீர் தேங்கினால், அந்தப் பீங்கானின் அடியிலுள்ள வளைவில்தான் தடை இருக்கும். ரப்பர் உறிஞ்சியால் பல முறை அழுத்தி இழுத்தாலோ, ஒரு வாளி நீரை ஒரே வீச்சில் ஊற்றினாலோ பெரும்பாலும் விலகிவிடும்.

இரண்டாவதாக, பீங்கானுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால், அடைப்பு பீங்கானுக்கும் சேம்பருக்கும் இடையில் உள்ளது. சேம்பரில் நீர் நிரம்பி நின்றால், அடைப்பு அதற்கு அப்பால் உள்ளது. நீண்ட மூங்கில் பிளாச்சையோ, குழாய் அடைப்பு எடுக்கும் கம்பிச் சுருளையோ சேம்பர் வழியாகச் செலுத்தித் தள்ளலாம்.

மூன்றாவதாக, தொட்டியின் நீர்மட்டத்தைக் காண வேண்டும். மூடியைத் திறக்கும்பொழுது குழந்தைகளை அருகே விடலாகாது. பீடி, விளக்கு, தீக்குச்சி எதுவும் கூடாது. முகத்தை உள்ளே நீட்டிக் குனிதலும் கூடாது. காற்று வீசும் பக்கமாக, எட்ட நின்று பார்க்க வேண்டும். சேம்பர் நிரம்பியிருந்தும் தொட்டியின் மட்டம் இயல்பாக இருக்குமாயின், உட்குழாயின் வாயில் ஏடு இறுகியுள்ளது என்று கொள்ளலாம். சேம்பரிலிருந்து பிளாச்சைச் செலுத்தினால் அது விலகும்.

நான்காவதாக, தொட்டியின் நீர் வெளிக்குழாயின் மட்டத்துக்கு மேல் நின்றால், உறிஞ்சு குழியைப் பார்க்க வேண்டும். குழி வறண்டிருந்தால் வெளிக்குழாய் அடைத்துள்ளது. குழியும் நிரம்பி நின்றால், மண் நீரை ஏற்க மறுக்கிறது என்பது பொருள். இந்நிலையில் தொட்டியை எத்தனை முறை காலி செய்தாலும் சில நாள்களில் அதே தொல்லை திரும்பும். திருத்த வேண்டியது உறிஞ்சு குழியையே.

கசடு எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை அறிய, வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கழியை மேலிருந்து அடிவரை மெதுவாக விட்டு எடுத்துப் பார்க்கலாம். கறுத்துக் காணும் பகுதியே கசடின் உயரம். அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால், லாரியை அழைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கரிசல் மண்ணின் குணம்

நமது கயத்தாறு வட்டாரத்தில் கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உளுந்தும் பருத்தியும் விளையும் கரிசலின் குணத்தை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் உப்பி இறுகி நீரை மேலேயே நிறுத்தும். பயிருக்கு ஈரத்தைக் காத்து வைக்கும் அந்தக் குணமே உறிஞ்சு குழிக்குப் பகையாகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கழிப்பிடங்கள் இறங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுவே. கோடை வெடிப்பில் நிலம் அசைவதால் குழாய் இணைப்புகள் விலகி, அங்கும் அடைப்பு உண்டாகிறது.

கரிசலில் குழியை மேலும் மேலும் ஆழமாக்குவதால் பயனில்லை. நீர் பரவும் பரப்பை அகலப்படுத்துவதே வழி. ஆழம் குறைந்த நீண்ட பள்ளம் எடுத்து, சுற்றிலும் ஆற்று மணலிட்டு, நடுவே உடைகல் பரப்பி, அதில் துளையிட்ட குழாயைக் கிடத்தினால் நீர் பரவிச் செல்லும். அதன்மேல் கல்வாழை நட்டால், நீரின் ஒரு பகுதியைச் செடியே உறிஞ்சிவிடும். குழாய்களை மணல் படுகையின்மீது, நாற்பது அடிக்கு ஓரடி சரிவாகப் பதிக்க வேண்டும். குளிக்கும் நீரையும் துணி துவைக்கும் நீரையும் தொட்டியில் விடாமல், தனியே வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிட்டால், உறிஞ்சு குழியின் பாரம் பெரிதும் குறையும்.

கடற்கரை ஊர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்குள்ள மணல் நீரை உடனே விழுங்கிவிடும். ஆதலால் தொட்டி அடைப்பது அரிது. ஆனால் கழிவுநீர் கிணற்றைச் சென்றடைவது எளிது. எந்த மண்ணாயினும், உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ அறுபது அடி, இடைவெளி இருத்தல் வேண்டும்.

செய்யத் தகாதவை

அடைப்பைப் போக்க ஆசிட் ஊற்றுவது பலருடைய பழக்கம். அது குழாயின் இணைப்பைக் கெடுப்பதோடு, கசடைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய கழிப்பறைக்குள் அது உயிருக்கே ஆபத்தாகும். தொட்டியில் போடுவதற்கென்று விற்கப்படும் பொடிகளை நம்பிக் கசடு எடுப்பதைத் தள்ளிப்போடுவதும் தகாது. தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே உள்ளன.

துணி, மாதவிடாய்க் காலத்துப் பஞ்சு அட்டைகள், பிளாஸ்டிக் உறைகள், தலைமயிர், தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், மீந்த எண்ணெய் ஆகியவற்றைக் கழிப்பிடத்தில் போடலாகாது. இவை அழுகுவதில்லை, அல்லது மிக மெதுவாக அழுகும். கழிப்பிடத்தின் மூலையில் மூடியுள்ள ஒரு சிறு வாளியை வைத்துவிட்டால், அடைப்புகளில் பெரும்பகுதி வராமலே போகும். தொட்டிக்கும் குழாய்க்கும் அருகே வேம்பு, பூவரசு போன்ற மரங்களை நடுவதும் கூடாது. ஈரத்தைத் தேடி வரும் வேர், மயிரிழை போன்ற சந்திலும் நுழைந்துவிடும்.

உள்ளே இறங்குவது மரணம்

தொட்டியில் அழுகும் கழிவிலிருந்து மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை தோன்றுகின்றன. மீத்தேன் தீப்பற்றி வெடிக்கக் கூடியது. ஹைட்ரஜன் சல்பைடோ அழுகிய முட்டை நாற்றம் உடையது. காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும். அதன் கொடுமை ஒன்றுண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்குக்கு மேல் அது கலந்துவிட்டால், மூக்கு மணத்தை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணும் நேரமே மிகக் கொடிய நேரம். ஆயிரம் பங்கு அளவை எட்டினால், ஓரிரு மூச்சிலேயே மனிதர் நினைவிழந்து விழுவார். மூடியைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டாலும் போதாது. காலால் கசடைக் கலக்கிய மாத்திரத்தில் அதனுள் அடைபட்ட வாயு ஒருங்கே கிளம்பும். எரியும் விளக்கை இறக்கிச் சோதிப்பதும் நம்பத் தக்கதன்று. மீத்தேன் இருந்தால் அதுவே விபத்துக்குக் காரணமாகும்.

இது எங்கோ நடப்பதன்று. நமது தூத்துக்குடி மாவட்டத்தில், கீழச்செக்காரக்குடி என்னும் கிராமத்தில், 2020-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் ஒரு வீட்டின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த நான்கு பேர் நச்சு வாயுவால் உயிரிழந்தனர். ஆலைத் தொட்டியன்று, நகரத்துப் பாதாளச் சாக்கடையன்று. நம் ஊர்களில் உள்ளதைப் போன்ற வீட்டுத் தொட்டி அது. ஒரே நாளில் நான்கு குடும்பங்கள் தம் ஆதரவை இழந்தன. இத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவாகியுள்ள மாநிலங்களுள் நமதும் ஒன்று. முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுவது இவ்விபத்துகளில் அடிக்கடி காணும் துயரம்.

யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால், அவரைக் காக்க இன்னொருவர் குதிக்கலாகாது. உடனே தீயணைப்பு நிலையத்தை 101 என்ற எண்ணிலும், ஆம்புலன்ஸை 108 என்ற எண்ணிலும் அழைக்க வேண்டும். தொட்டியின் எல்லா மூடிகளையும் திறந்துவிட வேண்டும். விழுந்தவர் நினைவோடிருந்தால், மேலே நின்றே கயிறு கொடுக்கலாம். உள்ளே இறங்குதல் மூச்சுக் கருவி அணிந்த தீயணைப்பு வீரர்களுக்கே உரிய பணி.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கழிவுத் தொட்டியை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்துவது குற்றம். முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை செய்தால் சிறை ஐந்தாண்டு வரையிலும், அபராதம் ஐந்து லட்சம் வரையிலும் உயரும். ஒப்பந்தக்காரருக்கு மட்டுமன்று, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இத்தகைய மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. எனினும், போன உயிரை எத்தொகையும் மீட்டுத் தராது. பிறர் கழிவை அள்ளுவதை ஒரு பிரிவினரின் தலைவிதி என்று சுமத்திய பழைய கொடுமைக்கு நம் ஊர்களில் இனி இடமிருத்தலாகாது.

லாரி எங்கே போகிறது?

கசடை எடுக்க, உறிஞ்சும் எந்திரம் பொருத்திய லாரி ஒன்றே தக்க வழி. குழாய் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும், ஆள் செல்லலாகாது. அடியில் விரற்கடை அளவு கசடை விட்டுவைத்தால் நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக உதவும். மழைக் காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்பொழுது முழுவதும் காலி செய்தால், உறைகளும் பிளாஸ்டிக் தொட்டிகளும் மிதந்து பெயரக்கூடும். ஆகையால் இப்பணியைக் கோடையில் முடித்து, உடனே தொட்டியில் நீர் நிரப்பி வைத்தல் நலம்.

லாரி புறப்பட்டுச் சென்றதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. நால்வழிச் சாலையோரத்து ஓடையிலோ, ஊர்க் குளத்திலோ இரவில் திறந்துவிடப்படும் கசடு, நம் ஆடுமாடு குடிக்கும் நீருக்கே திரும்பி வருகிறது. பச்சைக் கசடை நேராக வயலில் விடுவதும் தீங்கு. குடற்புழுவின் முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருக்கும். நமது தட்பவெப்ப நிலையில் ஓராண்டுக்கும் மேல் சேமித்து வைத்த பின்னரே கசடு எருவாகத் தக்கது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு அறிவுரை. இதற்கெனச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கும் முயற்சியில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சி முன்னோடியாகும். கசடைக் காயவைத்து எருவாக்கும் நிலையம் அங்கு 2017-இல் அமைந்தது.

புதிதாகக் கழிப்பிடம் கட்டுவோர் இரட்டைக் குழி முறையையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, முதற்குழியை இரண்டாண்டு மூடி வைத்தால் அதிலுள்ளது மக்கி எருவாகிவிடும். நீர் விரைந்து இறங்கும் செம்மண் நிலத்துக்கு இது மிகவும் ஏற்றது.

ஊராட்சிகள் செய்ய வேண்டுவன

தொட்டி வீட்டுக்குரியது, அதன் விளைவோ ஊருக்குரியது. ஆதலால் ஊராட்சி உறுப்பினர்கள் நான்கு காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலில், வீட்டுவாரியாக ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். தொட்டியா, வெறும் உறைக் குழியா, எந்த ஆண்டு கட்டியது, கடைசியாகக் கசடு எடுத்தது எப்பொழுது, லாரிக் குழாய் எட்டுமா என்னும் ஐந்து விவரங்கள் போதும். இரண்டாவதாக, பத்துப் பதினைந்து வீடுகளுக்குச் சேர்த்துக் கோடையில் ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் ஒவ்வொருவர் செலவும் குறையும்; கசடு எங்கே கொண்டு சேர்க்கப்படும் என்பதையும் முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளலாம். மூன்றாவதாக, வீடு கட்ட அனுமதி கேட்டு வருவோரின் வரைபடத்தில் தொட்டியின் அளவு, ‘டி’ இணைப்பு, கிணற்றுக்குள்ள தூரம், கொசுவலை கட்டிய காற்றுக்குழாய் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஊரிலுள்ள கொத்தனார்களை அழைத்து ஒருநாள் இதை விளக்கினால், பின்னாளில் வரும் அடைப்புகள் பல முளையிலேயே தடுக்கப்படும். நான்காவதாக, எங்கள் ஊரில் எந்தத் தொட்டியிலும் ஆளை இறக்க மாட்டோம் என்ற தீர்மானத்தைக் கிராம சபையில் நிறைவேற்றி, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், சிறிது அக்கறையும் போதும். கழிப்பிடம் கட்டியதால் நம் தாய்மார்களின் மானத்தையும் பிள்ளைகளின் உடல்நலத்தையும் காத்தோம். அதன் அடியிலுள்ள தொட்டியைக் காலம் தவறாமல் பேணினால், அதைச் சுத்தம் செய்ய வருவோரின் உயிரையும் காத்தவர்களாவோம். வரும் கோடையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.